போடிமெட்டு ஏற்றத்தில் கொதிக்கும் பழைய டாடா 1210: ரேடியேட்டரை மாற்றினால் தீருமா?

கேள்வி: முந்தல்சாலை

வணக்கம். என் தந்தையார் இருபத்தைந்து ஆண்டுகள் ஓட்டிய டாடா 1210 எஸ்இ லாரியை விற்க மனம் வராமல் நானே வைத்து ஓட்டி வருகிறேன். அதிலிருந்த 692 என்ஜினில் இனி போரிங் செய்ய (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்த) இடமில்லை என்றாகிவிட்டதால், சென்ற ஆண்டு டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்தும் கருவி) வைத்த 697 என்ஜின் ஒன்றைப் பொருத்தி, ஆர்.சி. புத்தகத்திலும் முறைப்படி பதிந்துகொண்டேன். போடியிலிருந்து பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு உரமும் மளிகையும் ஏற்றிச் செல்வதே என் தொழில்.

தேனிச் சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் எவ்வளவு தூரம் ஓடினாலும் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் 80 டிகிரியைத் தாண்டுவதில்லை. முந்தலைக் கடந்து இரண்டாம் கியரில் ஏறத் தொடங்கினால், 17 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியை முடிப்பதற்குள் 100ஐத் தொட்டுவிடுகிறது. இந்தச் சித்திரை வெயிலில் 8 டன் பாரத்துடன் நான்கு முறை புலியூத்தில் நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் மேலே போக முடிந்தது. தெர்மோஸ்டாட்டை (தண்ணீர் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்கு விடும் வால்வை) கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு பட்டறையில் கழற்றினார்கள், சூடு குறையவில்லை. இப்போது மூன்று வரிசைக் குழாய் ரேடியேட்டரை எடுத்துவிட்டு நான்கு வரிசை போடச் சொல்கிறார்கள். என் வருமானத்திற்கு அது பெரிய தொகை. செலவழிப்பதற்கு முன் விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

பதில்: கம்பம் டீசல்

ரேடியேட்டருக்கு இப்போது பணம் கொடுத்துவிடாதீர்கள். சமவெளியில் சூடேறாமல் மேட்டில் மட்டும் சூடேறுகிறது என்று சொல்லும்போதே விடையில் பாதியை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஓடும்போது காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகுந்துவிடும். அங்கேயும் சூடேறினால் குழாய் அடைப்பு, வாட்டர் பம்ப், சுருங்கும் ஹோஸ் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். இரண்டாம் கியரில் ஆள் ஓடும் வேகத்தில் ஏறும்போதோ, விசிறி இழுத்துக் கொடுப்பதைத் தவிர வேறு காற்று கிடையாது.

692 என்பதில் 6 சிலிண்டர், 92 மில்லிமீட்டர் துளை. 697இல் துளை 97 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்கும், அதாவது பிஸ்டன் நகரும் தூரமும், 120இலிருந்து 128 ஆகக் கூடியிருக்கிறது. 4.8 லிட்டர் என்ஜின் இருந்த கூட்டில் 5.7 லிட்டர் என்ஜினை வைத்து, அதன் மேல் டர்போவும் போட்டிருக்கிறீர்கள். எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வேலையாகப் போகிறது. மீதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். போதாக்குறைக்கு, போடிமெட்டு ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு, மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் தண்ணீரும் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

எனவே முதலில் மூன்று விவரங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். விசிறியைச் சுற்றியிருக்கும் தகட்டு வளையம், அதாவது ஷ்ரவுட், இப்போது வண்டியில் இருக்கிறதா? விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் இடைவெளி எவ்வளவு? என்ஜினை நடு வேகத்தில் ஓடவிட்டு, ரேடியேட்டரின் முன்பக்கத்தில் ஒரு செய்தித்தாளை வைத்தால் அது முழுவதும் ஒட்டி நிற்கிறதா, நடுவில் மட்டும் ஒட்டுகிறதா? கையும் துண்டும் விசிறிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முந்தல்சாலை

மிக்க நன்றி, ஐயா. இன்று காலையில் பார்த்தேன். ஷ்ரவுட் இல்லை. புதிய என்ஜினின் விசிறி உயரம் பொருந்தவில்லை என்று பொருத்தும்போதே வெட்டி எடுத்துவிட்டார்களாம். பழைய இரும்போடு போய்விட்டது. இடைவெளி ஆறு அங்குலத்துக்கு மேல் இருக்கிறது. தாள் நடுவில் மட்டும் ஒட்டுகிறது, நான்கு மூலைகளும் படபடவென்று ஆடுகின்றன.

பதில்: கம்பம் டீசல்

அந்த நான்கு மூலைகளும் வேலை செய்யவில்லை என்பதுதான் உங்கள் நோய். வளையம் இல்லாத விசிறி, முன்னால் இருக்கும் குளிர்ந்த காற்றை இழுப்பதற்குப் பதிலாக, போனட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அரைத்துக்கொண்டிருக்கும். இந்த நிலையில் நான்காவது வரிசை போட்டால், தடிமனான அந்த ரேடியேட்டருக்குள் காற்று புகுவது இன்னும் கடினமாகும். டிங்கர் வேலை செய்பவரிடம் கொடுத்து, ரேடியேட்டரின் முழு முகத்தையும் மூடி விசிறிக்கு வட்டமாகக் குறுகும் கூடு ஒன்றைத் தகட்டில் செய்யச் சொல்லுங்கள். இறக்கைகளின் அகலத்தில் பாதி வளையத்துக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்க வேண்டும். நுனிக்கும் தகட்டுக்கும் இரண்டு சென்டிமீட்டர் போதும், ஏனென்றால் மேட்டில் முறுக்கும்போது என்ஜின் தன் மவுண்டிங்கில் சற்று ஆடும்.

பதில்: ஆரியங்காவு பழைய ஓட்டுநர்

தம்பி, மேலே சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். தெர்மோஸ்டாட்டைப் பற்றி மட்டும் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை இந்தத் தவற்றைச் செய்யாத பட்டறையை நான் பார்த்ததே அரிது. தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை (ரேடியேட்டரைத் தவிர்த்துத் தண்ணீர் திரும்பும் வழியை) அடைக்கும்படி அமைத்த என்ஜின்களில் அதைக் கழற்றிவிட்டால், அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலேயே பம்புக்குத் திரும்பி, மறுபடியும் என்ஜினுக்குள் போகும். இறக்கத்திலோ என்ஜின் தேவைக்கு மேல் குளிர்ந்து, டீசலையும் தின்று லைனரையும் (சிலிண்டரின் உள் உறையையும்) தேய்க்கும். புதியது வாங்கி, வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு பொருத்துங்கள்.

ரேடியேட்டர் மூடியும் முக்கியம். மூடி தாங்கும் ஒவ்வொரு பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) அழுத்தத்துக்கும் கொதிநிலை ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேல் உயரும். 7 பவுண்டு மூடி ஒழுங்காகப் பிடித்தால் போடிமெட்டிலும் 105 டிகிரி வரை கொதிக்காது. அதற்காக 15 பவுண்டு மூடியை வாங்கிப் போட்டுவிடாதீர்கள், ஈயம் பற்றவைத்த பழைய மேல்தொட்டி பிளந்துவிடும்.

ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரை ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். நம் பக்கம் தண்ணீர் உறைவதில்லை என்பதால் கூலண்ட் தேவையில்லை என்பவர்கள், துருவையும் சுண்ணாம்புப் படிவத்தையும் மறந்துவிடுகிறார்கள். வெப்பத்தை ஏந்திச் செல்வதில் வெறும் தண்ணீர்தான் சிறந்தது. ஆகவே மூன்றில் ஒரு பங்கு கூலண்ட், மீதி காய்ச்சி வடித்த தண்ணீர் என்று கலப்பதே எனக்குப் பிடித்த அளவு.

ஓட்டும் முறையிலும் ஒரு சொல். முக்கிக்கொண்டு மூன்றாம் கியரில் ஏறாதீர்கள். விசிறியும் பம்பும் என்ஜினோடுதான் சுற்றுகின்றன. என்ஜின் திணறும்போது வெப்பம் மிகுதி, காற்றும் நீரோட்டமும் குறைவு. முள் ஏறினால் ஓரமாக நிறுத்தி, உடனே அணைக்காமல் சற்று உயர்ந்த ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது. என் கிளீனர் பையன் ஒருவனின் கை அப்படித்தான் வெந்தது.

பதில்: குமுளி பம்ப் வேலை

இந்தப் பகுதியில் டீசல் பம்ப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். ஏறும்போது கரும்புகை வருகிறதா? டர்போ போட்டவுடன் இழுவைக்காகப் பம்பில் டீசலை அளவுக்கு மேல் கூட்டிவிடுவது வழக்கம். அந்த உபரி டீசல் முழுவதும் சூடாகத்தான் மாறும். டைமிங், அதாவது டீசல் தெளிக்கும் நேரம், பின்தங்கியிருந்தாலும் அப்படியே. ஏர் கிளீனர் போனட்டுக்குள் இருந்து காற்று எடுத்தால், குழாயை வெளியே நீட்டுங்கள். பழைய மீட்டருக்கும் புதிய என்ஜினின் சென்சாருக்கும் பொருத்தம் இல்லாமல் முள் பொய் சொல்வதும் உண்டு என்பதால், இன்ஃப்ராரெட் கருவியால் தெர்மோஸ்டாட் கூட்டில் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

முந்தல்சாலை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். தேனியில் தகட்டுக் கூடு செய்து பொருத்தினோம். விசிறிக்குப் பின்னால் ஒரு அங்குல ஸ்பேசர் வைத்து முன்னால் தள்ளினோம். புதிய தெர்மோஸ்டாட், 7 பவுண்டு மூடி, கூலண்ட் கலவை எல்லாம் ஆயிற்று. மீட்டர் நான்கு டிகிரி கூட்டிக் காட்டுவதும் தெரிந்தது. கரும்புகை இருந்ததால் பம்பில் டீசல் அளவையும் சற்றுக் குறைத்தோம். இழுவையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நேற்று பிற்பகல் இரண்டு மணி வெயிலில், அதே 8 டன் பாரத்துடன், எங்கும் நிறுத்தாமல் மெட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். பதினான்காம் வளைவில் ஒரு பேருந்துக்குப் பின்னால் ஊர்ந்தபோது மட்டும் 93 வரை போய், வழி கிடைத்ததும் 88க்கு இறங்கியது. செய்தித்தாள் இப்போது நான்கு மூலையும் ஒட்டி நிற்கிறது. பழைய ரேடியேட்டரை மழைக்காலத்தில் ஓட்டம் குறையும்போது இறக்கி, கம்பி விட்டுச் சுத்தம் செய்ய எண்ணியிருக்கிறேன்.