புதுப்பிப்பு: பைரேட்ஸ் பற்றி முன்பு நான் எழுதியது

2025 சீசன் தொடங்கும்போது, பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸ் இருக்கிறார், அமெரிக்க பேஸ்பால் அணியான பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பாதி ஆட்டங்களுக்கு மேல் ஜெயிக்கும் என்று எழுதியிருந்தேன். ஸ்கீன்ஸ் விஷயம் மட்டும் பலித்தது, சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதே வாங்கிவிட்டார். ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, ஃபீல்டர்களின் தவறால் வந்ததைக் கழித்தால் சராசரியாக 1.97 ரன்தான் கொடுத்தார். ஆனாலும் அவர் கணக்கில் வெற்றி 10, தோல்வியும் 10! அவருடைய ஸ்ப்ளிங்கர் என்ற வேகப்பந்து பேட்டருக்குப் பக்கத்தில் வந்து சட்டென்று கீழே இறங்கும், மட்டை காற்றைத்தான் வெட்டும். அப்புறம் நம் ஆட்கள் அடிக்க வந்தால் வயிறு எரிகிறது. மொத்தமே 117 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி), எல்லா அணிகளிலும் குறைவு. 162 ஆட்டங்களில் 71 வெற்றியோடு சீசன் முடிந்தது.

இன்னொன்று. நம் இளம் வீரர் கானர் கிரிஃபினை அவசரப்பட்டு கீழ்நிலை மைனர் லீக்கிலிருந்து முதன்மை அணிக்குக் கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன். அதை மாற்றிக்கொள்கிறேன். ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்), 2025-இல் 19 வயதிலேயே மைனர் லீக்கில் ஒரே சீசனில் 21 ஹோம் ரன், 65 ஸ்டீல் (எதிரணி அசரும் நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது). இந்தப் பையன் தயார். அவனோடு சேர்ந்து அடிக்க நல்ல பேட்டர்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.