பொருள்: தெர்மல் பேஸ்ட்டுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கணினி வன்பொருள் பராமரிப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மற்ற எல்லாம் முடிந்துவிட்டது, ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன். செயலிக்கும் (பிராசசர்) அதன்மேல் உட்கார்ந்து சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட் சிங்குக்கும் நடுவே தடவுகிறோமே, அந்தத் தெர்மல் பேஸ்ட்டுக்குத் தமிழில் என்ன போடலாம்?

போன பதிப்பில் 'வெப்பப் பசை' என்று போட்டிருந்தேன். அதனால் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். பாடத்தை ஒழுங்காகப் படிக்கும் மாணவர் ஒருவர் கடையில் போய், சூடு தாங்கும் பசை என்று கேட்டிருக்கிறார். கிடைத்தது இரண்டு குழாய்கள், கலந்து தடவினால் கல்லாக இறுகும் ஒட்டுப்பசை. அதுவும் வெப்பம் கடத்தும்தான், ஆனால் நிரந்தரமாக ஒட்டுவதற்கு உள்ளது. ஆறு மாதம் கழித்துத் தூசி துடைக்க ஹீட் சிங்கை இழுத்தவருக்குச் செயலியும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. என் மேசைக்கு வந்தபோது ஒரு மூலையில் ஏழெட்டுக் கால்கள் மடிந்திருந்தன. மைக்ரோ பென்சிலின் முனைக்குள் ஒவ்வொரு காலாக நுழைத்து நிமிர்த்தினேன். இரண்டு முறிந்துவிட்டன. அவர் எதுவும் பேசாமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கையேட்டில் 'பசை காய்ந்துவிட்டால் மாற்றவும்' என்று ஒரு வரி. வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "பசை காய்ந்தால்தானே சார் ஒட்டும்?" என்று கேட்டாள். சரியான கேள்வி. நான் தந்த சொல்தான் தவறு. ஒட்டாத, காயக் கூடாத ஒரு பொருளுக்குச் சொல் வேண்டும்.

தொழிற்பயிற்சி ஆசிரியர், நெல்லை

* * *

வணக்கம் சார். உங்கள் மாணவருக்கு நேர்ந்தது வருத்தமானது. ஆனால் அதற்குப் பசையைக் குற்றம் சொல்ல முடியாது. பற்பசை என்று தினமும் காலையில் சொல்கிறோம், அதை வைத்து யாரும் பல்லை ஒட்டுவதில்லை. பசை என்றால் ஈரம், நெகிழ்ச்சி. பழைய வழக்கில் பசைதல் என்றால் நெஞ்சு நெகிழ்ந்து அன்பு கொள்ளுதல். பசுமை, பச்சை எல்லாம் அந்த ஈரத்தின் கிளைகள்தான் என்பது என் துணிபு. ஒட்டும் பொருள் என்ற குறுகிய பொருளில் மட்டும் இந்தச் சொல்லை நாமே அடைத்துவிடக் கூடாது. 'வெப்பப் பசை' ஏற்கெனவே பலர் எழுதும் சொல். அதை மாற்றினால் இருக்கிற கொஞ்சநஞ்சப் புழக்கமும் போய்விடும்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை

* * *

அன்புடையீர்,

இரண்டு உலோகப் பரப்புகள் பொருந்தாத இடத்தை நிரப்பும் பொருளுக்குத் தமிழில் பெயர் இல்லாமலா போகும்? யாப்பிலக்கணத்தைப் பாருங்கள். இருகுறள் நேரிசை வெண்பாவில் முதல் குறளும் தனிச்சொல்லும் ஓசை பொருந்தாமல் விட்டிசைத்தால், நடுவே ஓரசையோ ஈரசையோ கூட்டி நிரப்புகிறோம். அதற்குப் பெயர் ஆசு. ஒற்றுமைப்படாத உலோகங்களைப் பற்றாசு, அதாவது உருக்கிப் பற்றவைக்கும் பொருள், இட்டுச் சேர்ப்பது போல என்றுதான் யாப்பருங்கலக் காரிகை உரை விளக்குகிறது. செயலியின் மூடி ஓர் உலோகம், ஹீட் சிங்கின் அடி இன்னோர் உலோகம், நடுவில் விட்டிசைக்கும் இடைவெளி. இதைவிட நெருங்கிய உவமை கிடைக்குமா?

வெப்பு, ஆசு இரண்டும் சேர்ந்தால் வெப்பாசு. குற்றியலுகரம் கெட்டு இயல்பாகப் புணர்கிறது. வெப்பு நம் பழஞ்சொல். பாண்டியனின் வெப்பு நோயைத் திருஞானசம்பந்தர் திருநீற்றுப் பதிகம் பாடித் தீர்த்த வரலாறு தெரியாத தமிழர் உண்டா? நான்கே எழுத்து, வாயில் எளிதாக உருளும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

* * *

ஐயா, படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன், அவ்வளவு அழகு. ஆனால் பற்றாசு எங்களுக்கு வேறு இடத்தில் வேண்டும். செயலியின் மூடிக்கு உள்ளேயும் ஒரு இடைவெளி இருக்கிறது, சிலிக்கன் சில்லுக்கும் மூடிக்கும் நடுவில். இன்டெல் 2011இல் வெளியிட்ட சாண்டி பிரிட்ஜ் வகைச் செயலிகளில் அங்கே ஈயம் பற்றவைப்பது போல உலோகத்தையே உருக்கிப் பற்றவைத்திருந்தார்கள். 2012இல் அடுத்த வகையான ஐவி பிரிட்ஜ் வந்தபோது அந்த இடத்தில் பேஸ்ட் தடவினார்கள். சூடு கூடுகிறது என்று ஆர்வலர்கள் பிளேடை வைத்து மூடியையே அறுத்துத் திறந்து வேறு பேஸ்ட் போட்டுக்கொண்டார்கள். பிறகு 2018இல் ஒன்பதாம் தலைமுறையின் ஐ9-9900கே-யில் திரும்பவும் பற்றவைப்பு. ஆக 'உள்ளே இருப்பது பற்றாசா, தடவியதா' என்பதே நாங்கள் கேட்கும் முதல் கேள்வி. இரண்டுக்கும் ஆசு என்று வைத்தால் அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்கவே முடியாது.

வன்பொருள் பொறியாளர், கோவை

* * *

எல்லாருக்கும் வணக்கம். நான் சென்னை ரிச்சி தெருவில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறவன். எங்கள் கடையில் அது பேஸ்ட். அவ்வளவுதான். வெப்பாசு கொடுங்கள் என்று கேட்டால் பையன் என் முகத்தைத்தான் பார்ப்பான்.

ஆனால் பேஸ்ட் எப்படிக் கெடுகிறது என்று நீங்கள் தெரிந்துகொண்டால் சொல் தானாக வரும் என்று தோன்றுகிறது. இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, எண்ணெய் பிரிந்துபோய்ப் பொடி மட்டும் மிஞ்சுவது. நேற்று திறந்த லேப்டாப்பில் ஓரமெல்லாம் சுண்ணாம்பு போலப் பொரிந்து, நகம் பட்டதும் உதிர்ந்தது. இன்னொன்று, சூடாகி ஆறி, சூடாகி ஆறி, உலோகம் விரிந்து சுருங்கும்போது நடுவில் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் பிதுக்கித் தள்ளிவிடும். நேற்றைய லேப்டாப்பில் இரண்டும் நடந்திருந்தது. சில்லின் நடுவில் வெறும் கண்ணாடி போலப் பளபளப்பு, சுற்றிலும் கரை கட்டியது போல மேடு. லோடு கொடுத்தால் 98 டிகிரியில் நின்று வேகத்தைக் குறைத்துக்கொண்டது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்துப் புதிதாகப் போட்டதும் 76. பேஸ்ட்டைக் கொட்டிப் பூச வேண்டாம் என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போடுங்கள் சார். மேசைக் கணினிச் செயலிக்குப் பட்டாணி அளவு போதும், மீதியை அழுத்தமே பரப்பிவிடும். கழற்றும் முன் கணினியைக் கொஞ்ச நேரம் ஓட விட்டுச் சூடாக்கி, அணைத்துவிட்டு, ஹீட் சிங்கை மெல்லத் திருகி எடுத்தால் செயலி கூடவே வராது. அதையும் சேருங்கள்.

லேப்டாப்பில் இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டி வருகிறது. மேசைக் கணினியில் ஐந்து வருடம் தாண்டியும் நன்றாக இருப்பதைப் பார்க்கிறேன். இப்போது பட்டைபோல வருகிற ஒரு பொருள் உண்டு, 45 டிகிரி வாக்கில் இளகி இடத்தை நிரப்பும், பிதுங்குவது குறைவு. அதற்கும் பெயர் வையுங்கள்.

* * *

அன்பான உறவுகளுக்கு,

கடைக்காரத் தம்பி சொன்னதிலேயே விடை இருக்கிறது. பூசுவது, நெகிழ்ந்தபடியே இருக்க வேண்டியது, காய்ந்தால் பயன்படாதது. எங்கட வீடுகளில் காயத்துக்குப் பூசுகிற களிம்பும் அப்படித்தான். வெப்பக் களிம்பு என்று வைக்கலாம். களி என்றாலே குழைவு, களிமண்ணும் அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் செயலி என்று எழுதும்போது இங்கே பிள்ளைகள் கைப்பேசியில் இறக்குகிற செயலியை நினைக்கிறார்கள். எங்கள் பாடநூலில் முறைவழி என்ற சொல் இருக்கிறது, முறைவழியாக்கி என்றால் குழப்பம் வராது.

தகவல் தொழினுட்ப ஆசிரியை, யாழ்ப்பாணம்

* * *

அம்மா, செயலியா முறைவழியாக்கியா என்பது தனி இழை. அதை இங்கே தொடங்கினால் வெள்ளிக்கிழமை போய்விடும்.

களிம்புக்கு வருகிறேன். செம்பில் ஏறும் பச்சைக்கும் களிம்பு என்றுதான் பெயர். ஆணவ மலம் உயிரோடு அனாதியாகக் கலந்திருப்பதற்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமையே செம்பில் களிம்பு. நல்ல ஹீட் சிங்கின் அடியும் செம்புதானே? 'செம்பில் உள்ள களிம்பை அகற்றுக' என்று கையேட்டில் வந்தால் மாணவர் எதைத் துடைப்பார்? புளி போட்டுத் தேய்க்க வேண்டிய மாசின் பெயரை, நன்மை செய்யும் பொருளுக்கு வைப்பது எனக்கு உவப்பாக இல்லை. ஆசு என்பதற்கும் குற்றம் என்ற பொருள் உண்டே என்று யாராவது கேட்பீர்கள். உண்டு, ஆனால் அது வேறு ஆசு.

தஞ்சாவூர்

* * *

இயற்பியல் பக்கத்திலிருந்து ஒரு சொல். செம்பின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 400 வாட்/மீட்டர்-கெல்வின். காற்று 0.026தான். பழைய வெள்ளைச் சிலிக்கோன் பேஸ்ட்டுக்கு அது 1 என்ற அளவில் இருக்கும். அதாவது பேஸ்ட் செம்புக்குப் பக்கத்தில்கூட வராது, ஆனால் காற்றைவிடப் பல மடங்கு மேல். அதன் வேலையே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களிலிருந்து காற்றை வெளியேற்றுவது. அதனால்தான் மெல்லியதாகப் பூசச் சொல்கிறோம், தடித்தால் அதுவே தடை. பேஸ்ட்டுக்குப் பதிலாகத் தடவும் திரவ உலோகம் இதைவிட நன்றாகக் கடத்தும், ஆனால் அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும். அலுமினிய அடியில் தடவக் கூடாது என்பதைக் கையேட்டில் அவசியம் போடுங்கள்.

களிம்பு எனக்குச் சம்மதம். 'வெப்பக் களிம்பு' வேண்டாம், மூட்டு வலிக்குத் தேய்ப்பது போலக் கேட்கிறது. வெப்பக் கடத்துகளிம்பு என்று வினைத்தொகையாக வைக்கலாம், பள்ளிப் பாடத்தில் கடத்தி என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.

கல்லூரி ஆசிரியை, மதுரை

* * *

வினைத்தொகையில் ஒற்று மிகாது. நீங்கள் 'கடத்துகளிம்பு' என்று கொடுப்பீர்கள், அச்சில் 'கடத்துக் களிம்பு' என்று வந்து நிற்கும். எத்தனை நூலில் பார்த்திருக்கிறேன்!

தஞ்சாவூர்

* * *

நண்பர்களுக்கு நன்றி. இன்று மாலை கோப்பை அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் 'வெப்பம் கடத்தும் களிம்பு, கடைகளில் தெர்மல் பேஸ்ட் எனப்படும்' என்று முழுதாக எழுதி, பிறகு எல்லா இடத்திலும் 'களிம்பு' என்று மட்டும் போட்டிருக்கிறேன். ஐயா சொன்ன குழப்பம் வராமலிருக்க, செம்பில் ஏறுவதை 'செம்புப் பச்சை' என்று எழுதினேன். வகுப்பில் கேள்வி எழுந்த அந்த வரி இப்போது 'களிம்பு காய்ந்துவிட்டால் மாற்றவும்' என்று இருக்கிறது. மூடிக்கு உள்ளே உலோகத்தால் இணைத்திருப்பதற்குப் பற்றாசு என்றே போட்டேன். ரிச்சி தெரு நண்பர் சொன்ன பட்டாணி அளவும், திருகி எடுப்பதும் அப்படியே சேர்ந்துவிட்டன.

நெல்லை

* * *

பற்றாசு ஏறியதில் மகிழ்ச்சி. களிம்புக்கு என் உடன்பாடின்மையைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த பதிப்பு எப்போது?

தஞ்சாவூர்

* * *

என்னுடையதையும். நான் பசை என்றே எழுதுவேன்.

சென்னை