44 வயசுல கொல்லப்பட்டற வேல பழகலாமா?

தலவாக்கலையான்:
எல்லாருக்கும் வணக்கம். தோட்டத்து ஸ்டோர்ல 19 வருசமா கிளாக்கர் வேல பாக்குறேன். எங்க தாத்தா அதே தோட்டத்துல பட்டற வச்சி கவ்வாத்து கத்தி (தேயில செடிய கழிக்கிற கத்தி), முள்ளு, மம்பட்டி எல்லாம் அடிச்சவரு, சின்னதுல அவருக்கு துருத்தி ஊதிக் குடுத்திருக்கேன், அவரு போனதோட பட்டறயும் போச்சி. இப்ப அந்த வேலய பழகணும்னு மனசு கெடந்து அடிச்சிக்கிது. நுவரெலியாவுல குதிர இருக்கே, லாடம் அடிக்கவும் பழகுனா ரெண்டு பொழப்பாகும்னு யோசன. பொண்ணு அடுத்த வருசம் ஓ லெவல் (சாதாரண தர) சோதன எழுதுது. வேலய விட்டுட்டு ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காச எடுத்து பட்டற போடலாமா?

அட்டன் பட்டற:
தம்பி, வேலய இப்ப விட்றாதீங்க. ஆம்பளைக்கு 55 வயசுலதான் ஈபிஎஃப் முழுசா வரும், வேலய விட்டா ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) மட்டும் எடுக்கலாம், அத நம்பி எறங்கக் கூடாது. சனி ஞாயிறு யாருகிட்டயாவது நின்னு பழகுங்க. சம்மட்டி தூக்குறது மூணு மாசத்துல வந்துரும், பதம் போடுறதுதான், அதாவது இரும்ப காச்சி முக்கி உறுதியாக்குறதுதான் வேலயே. பழைய லொறி ஸ்பிரிங் பட்டய நல்லா செவக்க காச்சி, காந்தம் ஒட்டாம போற வரைக்கும் வச்சி, எண்ணெய்ல முக்கணும், தண்ணில போட்டா வெடிப்பு விட்டுரும். அதோட விட்டா கண்ணாடி மாதிரி ஒடையும், அதனால மேல தேச்சி வெள்ளையாக்கிட்டு திரும்ப மெதுவா சூடு காட்டுனா மொதல்ல வைக்கோல் நெறம் வரும், பொறகு பழுப்பு, பொறகு ஊதா. கவ்வாத்து கத்திக்கு நான் பழுப்புலயே நிறுத்துவேன், தேயில வாது கட்டையா இருக்கும், முன உதிரக் கூடாது பாருங்க. நெறம் தெரியணும்னா பட்டற இருட்டா இருக்கணும், வெயில்ல உல வச்சா ஏமாந்து போவீங்க. கல்வனைஸ் இரும்ப (துத்தநாகம் பூசுன இரும்ப) மட்டும் உலைல போடவே போடாதீங்க, அந்த பொக காச்சல்ல தள்ளிரும்.

குதிரக்காரன்:
அண்ணே, நான் நுவரெலியாவுல சவாரி குதிர வச்சிருக்கேன். லாடம் அடிக்கிறது இரும்பு வேலய விட குதிர கால் வேலண்ணே. ஆறு எட்டு கெழமைக்கு ஒருக்கா கொளம்பு வளந்துரும், அத சீவி மட்டம் பண்ணி பொறகுதான் லாடம். ஆணி கொளம்போட வெளிச்செவுத்துல மட்டும் போகணும், நூலளவு உள்ள போனாலும் நொண்டிரும், அத்தோட அந்த குதிரக்காரன் ஒங்கள திரும்ப கூப்புட மாட்டான். குனிஞ்சிக்கிட்டே கால தொடைக்கு நடுவுல புடிக்கணும், இடுப்பு தாங்குமான்னு பாருங்க. ஏப்ரல் சீசன்லதான் கொஞ்சம் கூட்டம், மத்த மாசம் அத மட்டும் நம்பி அடுப்பு எரியாது. மொதல்ல வந்து கால் புடிச்சி பழகுங்க, லாடம் அப்பறம்.

பதுள தங்கச்சி:
எங்க வீட்டுக்காரரு 41ல கடைய மூடிட்டு வெல்டிங்குக்கு போனாரு. மொத வருசம் ரொம்ப கஷ்டம், நகய வச்சிதான் ஓட்டுனோம். அதனால அண்ணிகிட்ட கணக்க முழுசா சொல்லிட்டு எறங்குங்க அண்ணே. பழகுன பொறகு நைட்டாவுல (அரசாங்க தொழில் பயிற்சி சபைல) கேளுங்க, அனுபவத்த வச்சே சோதிச்சி என்விகியூ (தேசிய தொழில் தகைமை) சேட்டிபிக்கட் குடுக்குற மொற இருக்கு, இவருக்கு அப்பிடித்தான் கெடச்சது, பொறகுதான் பெரிய வேலக்கு கூப்புட்டாங்க.

தலவாக்கலையான்:
ரொம்ப நன்றி. வேலய விடல. பொண்ணு சோதன முடியிற வரைக்கும் சனி ஞாயிறுதான். அட்டன் அண்ணே, வாற சனிக்கெழம வரட்டுமா? தாத்தாவோட கொறடு ஒண்ணு வீட்ல இருக்கு, எடுத்துட்டு வாறேன்.

அட்டன் பட்டற:
ஏழு மணிக்கு வாங்க தம்பி. பருத்தி சட்ட போட்டுட்டு வாங்க, நைலோன் வேணாம், பொறி பட்டா தோலோட ஒட்டிக்கிரும்.