14 அடி வள்ளம், றெய்லர், றாம்ப்: எல்லாமே கோணலாய்ப் போனது, உதவி தேவை

ஸ்காபரோ மீனவன்:
வணக்கம். ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில் பேர்ச் மீன் பிடிக்கலாம் என்று போன மாதம் பழைய 14 அடி அலுமினிய வள்ளம் ஒன்று வாங்கினேன். 20 குதிரைவலு நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், றெய்லரும் சேர்த்து. சனிக்கிழமை றாம்பில், அதாவது வள்ளம் இறக்கும் சரிவில், முதல்முறையாக இறக்கினோம். நான், மச்சான், என் 14 வயது மகன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எது எதனால் வந்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முதலில் றெய்லரைப் பின்னுக்கு எடுப்பது. மச்சான் பின்னால் நின்று "வலம், வலம்" என்கிறார். அது அவருடைய வலமா என்னுடைய வலமா என்று தெரியவில்லை. றெய்லர் காருக்குக் குறுக்கே மடங்கி நின்றது. எங்களுக்குப் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. கடைசியில் றெய்லரைக் கொழுக்கியிலிருந்து கழற்றிக் கையால் தள்ளித் திருப்பினோம்.

ஒருவழியாக வள்ளம் மிதந்தது. காரை மேலே நிறுத்திவிட்டு வந்தால் மகன் "அப்பா, செருப்பு மிதக்குது" என்கிறான். உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். தண்ணீர் வடியும் ஓட்டையை அடைக்கும் அடிப் பிளக் போடவே இல்லை. அது காரில், கோப்பிக் கோப்பை வைக்கும் குழிக்குள் பத்திரமாக இருந்தது.

திரும்ப ஏற்றி, வடியவிட்டு, பிளக் போட்டு இறக்கினோம். எஞ்சின் உடனே பிடித்தது. இரண்டு மூன்று நிமிடம் ஓடி நின்றுவிட்டது. கொஞ்சம் பொறுத்து இழுத்தால் பிடிக்கும், மறுபடி நிற்கும். துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தோம்.

ஏற்றும்போது வள்ளம் றெய்லரில் நேராக உட்காரவில்லை. ஒரு பக்கம் சில்லுக்கு மேல் ஏறிச் சாய்ந்து நின்றது. வீட்டுக்கு வரும் வழியில் இடது சிக்னல் போட்டால் றெய்லரின் இரண்டு பக்க விளக்கும் மங்கி மங்கி மினுங்கின.

தண்ணீர் புகுந்ததால்தான் எஞ்சின் பழுதா? கடைக்குக் கொண்டுபோக முன் நானே பார்க்கக்கூடியது ஏதும் உண்டா?

ஓரக்கண்:
யாராவது வீடியோ எடுத்தார்களா?

ஸ்காபரோ மீனவன்:
எடுத்தார்கள். அதைக் கேட்காதீர்கள்.

கிறீஸ் டப்பா:
எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கணுக்கால் தண்ணீர் வள்ளத்துக்குள் நின்றது. எஞ்சின் பின்பலகைக்கு வெளியே, அதுவும் மேலே தொங்குகிறது. இரண்டு கேள்வி. ஒன்று, தனியாக எடுத்து வைக்கும் பெற்றோல் தாங்கியா? அதன் மூடியில் ஒரு சின்னக் காற்றுத் திருகு இருக்கும், அதைத் திறந்தீர்களா? இரண்டு, எஞ்சின் நின்ற நேரத்தில் பெற்றோல் குழாயில் இருக்கும் ரப்பர் குமிழ் எப்படி இருந்தது? சப்பையாக ஒட்டிப்போய் இருந்ததா?

காற்றுத் திருகு மூடியிருந்தால் எஞ்சின் பெற்றோலை உறிஞ்ச உறிஞ்சத் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகும். ஒரு கட்டத்துக்கு மேல் பெற்றோல் வராது. சற்றுப் பொறுத்தால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகும், மறுபடி கொஞ்சம் ஓடும். நீங்கள் சொல்வது அப்படியே இதுதான். திருகு சரியென்றால் தாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்துச் சற்று நேரம் வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும்.

விளக்கு விசயம் இன்னும் சுலபம். நாலு முனைத் தட்டை இணைப்பில் வெள்ளை வயர்தான் எர்த். பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. ஒரு பக்கம் சிக்னல் போட்டால் இரண்டு பக்கமும் மங்கி மினுங்குகிறது என்றால் வெள்ளை வயர் றெய்லர் சட்டத்தோடு சேரும் இடம் துருப்பிடித்திருக்கிறது. மின்சாரம் திரும்பிப் போக நேர்வழி கிடைக்காமல் மற்றப் பல்புகளுக்குள்ளால் போகிறது. சோதிக்க, காரின் இரும்புச் சட்டத்திலிருந்து றெய்லர் சட்டத்துக்கு ஒரு தனி வயரைப் பிடித்துப் பாருங்கள். விளக்கு ஒழுங்காக எரிந்தால் எர்த்தான். அந்த இடத்தை வெறும் உலோகம் தெரியச் சுரண்டி, புது முனை போட்டு இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள்.

இனி றாம்பில் இறங்க முன் விளக்கு இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பழைய வகைப் பல்பு என்றால் சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீர் பட்டு வெடிக்கும். நெடுஞ்சாலையில் வந்தவுடன் சில்லின் பெயரிங்கும் சூடாகத்தான் இருக்கும். அந்தச் சூட்டோடு தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கையை வைத்துப் பார்த்து, ஆறிய பிறகு இறக்குங்கள்.

மண்டைதீவான்:
தம்பி, பிளக்குக்காக வெட்கப்பட வேண்டாம். ஒன்ராறியோவில் இது மறக்கும்படியே அமைந்துபோன வேலை. 2022 ஜனவரி 1 முதல், வள்ளத்தைத் தரைவழியாகக் கொண்டுபோக முன் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வடித்து, ஒட்டியிருக்கும் களை, பாசி, சிப்பி எல்லாம் நீக்க வேண்டும் என்பது சட்டம். ஓர் ஏரியின் வரிக்குதிரைச் சிப்பி இன்னோர் ஏரிக்குப் போகக்கூடாது என்பது நோக்கம். 1988இல் சென் கிளேயர் ஏரியில் கண்ட சாமான் பேரேரிகள் முழுக்கப் பரவி, சிம்கோவுக்கும் வந்துவிட்டது. அதன் குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாது, அடியில் தங்கிய கொஞ்சத் தண்ணீர் போதும் அதற்கு. ஆக, வீதியில் பிளக் போட்டுக்கொண்டு போவது குற்றம், ஏரியில் போடாமல் இறங்குவது கூத்து. இடையில் எங்கேயாவது நின்று போட்டே ஆக வேண்டும். அந்த இடத்தை நீங்கள் முடிவு செய்யவில்லை, அவ்வளவுதான் பிரச்சினை.

அந்த இடம் வாகனத் தரிப்பிடம். றாம்பில் நின்றுகொண்டு எதையும் செய்யக் கூடாது. தரிப்பிடத்திலேயே வள்ளத்தை றெய்லரோடு கட்டும் பின்பட்டிகளைக் கழற்று, பிளக்கைப் போடு, விளக்கு இணைப்பைப் பிடுங்கு, முன் கயிற்றைக் கட்டு, சாமான்களை ஏற்று, எஞ்சின் மேலே தூக்கியபடி இருக்கிறதா பார். வின்ச் (வள்ளத்தை றெய்லரில் இழுத்து ஏற்றும் கைச்சுருள்) கொழுக்கியையும் பாதுகாப்புச் சங்கிலியையும் மட்டும் தொடாதே. அவை தண்ணீர் விளிம்பில் கழற்ற வேண்டியவை. பிறகு றாம்பில் உனக்கு ஐந்து நிமிட வேலைகூட இராது, பின்னால் நிற்பவனும் வீடியோ எடுக்க மாட்டான்.

பிளக்கை நான் வின்ச் கைபிடியில் ஒரு கயிற்றால் கட்டி வைப்பேன். வின்ச்சைத் தொடாமல் வள்ளம் இறங்காது.

இன்னொரு தடவை தண்ணீர் புகுந்தால் பதற வேண்டாம். ஆட்கள் முன்பக்கம் போனால் பின்பக்கம் கொஞ்சம் உயரும். விரியும் ரப்பர் பிளக் என்றால் உள்ளிருந்தே போடலாம், கையில் இல்லாவிட்டால் துணியைச் சுருட்டி அடைக்கலாம். றெய்லரில் ஏற்றினால் விறுவிறென்று மேலே இழுக்காதே. ஒரு லீற்றர் ஒரு கிலோ. 300 லீற்றர் உள்ளே நின்றால் வின்ச் பட்டிக்கும் அச்சுக்கும் அவ்வளவும் பாரம். பாதி வெளியே வந்ததும் சரிவிலேயே நிறுத்து, ஓட்டை கீழ்ப்பக்கம்தானே, தானாக வடியும்.

துடுப்பு இருந்தது நல்லது. 6 மீட்டர் வரையான எஞ்சின் வள்ளத்தில் துடுப்பு அல்லது நங்கூரம் கட்டாயம். தண்ணீர் இறைக்க ஒரு பாத்திரமோ கைப்பம்போ வேண்டும்.

நாணல்:
மண்டைதீவான் அண்ணா, வின்ச் கைபிடியில் கட்டிய பிளக் 404 நெடுஞ்சாலையில் ஆடி ஆடி விழுந்துவிடும். எங்களுடையது விழுந்தது. இப்போது கார் கியர் தடியில் மாட்டி வைக்கிறேன். றிவேர்ஸ் போடக் கை அங்கேதான் போக வேண்டும், அதைக் கழற்றாமல் போட முடியாது. பெரும்பாலான சின்ன வள்ளங்களுக்கு ஓர் அங்குல ஓட்டைதான், ரப்பர் பிளக் மலிவு. இரண்டு வாங்கி ஒன்றைக் காரிலேயே போட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டில் றெய்லரை நான்தான் எடுப்பேன், கணவர் வள்ளத்தோடு நிற்பார். ஆரம்பத்தில் அவர் கை காட்டுவதும் நான் கத்துவதுமாக ஊருக்கே வேடிக்கை. பிறகு ஃபோனில் பேசத் தொடங்கினோம், காரின் ஸ்பீக்கரில் குரல் தெளிவாகக் கேட்கும். "வலம், இடம்" என்ற சொற்களே கிடையாது. "சாரதி பக்கம்", "மற்றப் பக்கம்" மட்டும். நிற்பவரை எப்போதும் என் கண்ணாடியில் பார்க்க வேண்டும், காணவில்லை என்றால் காரை நிறுத்திவிடுவேன். றெய்லருக்குப் பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது, பிள்ளைகள் முக்கியமாக.

எங்களுக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வள்ளம் அழகாக மிதந்தது. அவர் கையில் கயிறு. அவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரல் காட்டுகிறார், வள்ளம் தன்பாட்டில் நடு ஏரியை நோக்கிப் போகிறது. கயிற்றின் மற்ற முனையை ஒருவரும் வள்ளத்தில் கட்டவில்லை. ஜெட் ஸ்கீயில் வந்த ஒரு பையன்தான் பிடித்துத் தந்தான். அப்போதும் இவர் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

கட்டுமரம்:
மெல்பர்னிலிருந்து. இங்கே இந்த அலுமினியப் படகுகளை டின்னி என்பார்கள். நான் நாகப்பட்டினத்துக்காரன், அங்கே மணலில் தோள் கொடுத்துத் தள்ளித்தான் பழக்கம். டிரெய்லரைப் பார்த்து இவ்வளவு பயப்படுவேன் என்று நினைக்கவில்லை.

ரிவர்ஸுக்கு ஒரே வழி: ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கையை வையுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். யோசிக்கவே வேண்டாம். குட்டை டிரெய்லர் பெரியதைவிட மோசம், சட்டென்று மடங்கும். கொஞ்சமாகத் திருப்பி, உடனே நேராக்கி, கெட்டுப்போனால் முன்னுக்கு இழுத்து மறுபடி தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும் ஏதாவது பள்ளி வளாகத்தில் ஒரு மணி நேரம் பழகுங்கள்.

ஏற்றும்போது சாய்வது, டிரெய்லரை ரொம்ப ஆழத்தில் இறக்குவதால். தாங்குகட்டைகள் முழுக்க மூழ்கிவிட்டால் படகின் பின்பகுதி எதிலும் உட்காராமல் மிதந்துகொண்டே இருக்கும். காற்று ஒரு தள்ளு தள்ளினால் போதும். நீங்கள் மேலே இழுக்கும்போது எங்கே நிற்கிறதோ அங்கேயே உட்காரும். முதலில் கட்டைகள் நனையும் வரை இறக்கிவிட்டு, சக்கர மூடியின் மேல்விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு வரும்வரை முன்னால் எடுங்கள். முன்பகுதி கட்டையைத் தொட்டதும் மிச்சத்தை வின்ச்சால் இழுத்துக்கொள்ளலாம். பின்னால் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குழாயில் வழிகாட்டிக் கம்பு வைத்தால் இன்னும் நல்லது.

உங்களுடையது கம்பளம் ஒட்டிய கட்டையா, உருளையா? உருளை என்றால் ஒரு எச்சரிக்கை. என் நண்பர் ஒருவர் நேரம் மிச்சம் என்று மேலேயே வின்ச்சைக் கழற்றிவிட்டார். சரிவில் காரைத் திருப்பியதும் படகு உருளையில் வழுக்கி காங்கிரீட்டில் இறங்கிவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கீறல் ரொம்ப இல்லை, ஆனால் 200 கிலோவுக்கு மேல் இருக்கும் ஒன்றைத் தூக்கித் திரும்ப ஏற்ற ஆட்களைத் தேட வேண்டியிருந்தது.

நடுஏரி:
பாசி பிடித்த றாம்பில் முன்சில்லு இழுவைக் கார் வழுக்கும். பாரம் பின்னால் போவதால் முன்சில்லுக்குப் பிடி குறையும். ஆக்சிலறேற்றரை மிதிக்காமல் மெல்ல எடுங்கள். காரை P-இல் போட முன் கைபிரேக்கை இழுங்கள். ஒருபோதும் எஞ்சின் வேகத்தால் வள்ளத்தை றெய்லரில் ஏற்றாதீர்கள். அந்த நீரோட்டம் றாம்பின் முனையில் பள்ளம் தோண்டும், அடுத்தவர் றெய்லர் அதற்குள் விழும்.

ஸ்காபரோ மீனவன்:
எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் மறுபடி போனோம்.

கிறீஸ் டப்பா சொன்னது அச்சாகச் சரி. ரப்பர் குமிழ் சப்பையாகத்தான் இருந்தது என்று மகனுக்கு ஞாபகம். காற்றுத் திருகு இறுக்கி மூடிக் கிடந்தது. திறந்துவிட்டதும் காலை முழுக்க நிற்காமல் ஓடியது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் அதன் பக்கத்தில் சிறிய தாரையாகப் பீச்சுகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். வெள்ளை வயரின் முனை துருப்பிடித்துக் கையோடு கழன்று வந்தது. புதிது போட்டேன், விளக்கு சரி.

பிளக் கியர் தடியில். ஆனால் தரிப்பிடத்தில் ஒரு பெரியவர் வந்து கதை கொடுத்தார், பின்பட்டியைக் கழற்ற மறந்துவிட்டது. தண்ணீருக்குள் வள்ளம் அசையவே இல்லை. நான் இன்னும் ஆழமாக இறக்கினேன். பார்த்தால் வள்ளம் றெய்லரையும் சேர்த்துத் தூக்குகிறது! மச்சான் பாய்ந்து "நிப்பாட்டு" என்று கத்தினார், இந்த முறை தெளிவாக. மேலே எடுத்துக் கழற்றினோம்.

ஏற்றும்போது சக்கர மூடி அளவுதான் பார்த்தேன், முதல் தடவையிலேயே நேராக உட்கார்ந்தது.

ஒரு கேள்வி மிச்சம். மகன் எஞ்சின் பிடிக்க ஆசைப்படுகிறான். என்னிடம் எஞ்சின் வள்ளம் ஓட்டும் தகுதி அட்டை இருக்கிறது, நான் பக்கத்தில் இருந்தால் போதுமா?

மண்டைதீவான்:
நீ பக்கத்தில் இருந்தாலும் எஞ்சினைப் பிடிப்பவர் கையில் அட்டை இருக்க வேண்டும், வயது எதுவானாலும். 2009 செப்டம்பர் 15 முதல் எல்லோருக்கும் அப்படித்தான். அவனுக்கும் எடுத்துவிடு, பரீட்சையை இணையத்திலேயே எழுதலாம். 12 முதல் 15 வயது வரை, பெரியவர் துணையில்லாமல் 40 குதிரைவலு வரை ஓட்டலாம். உன்னுடையது 20 தானே. ஆனால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றை அவன் கையிலோ உயிர்காப்பு அங்கியிலோ மாட்டாமல் புறப்பட விடாதே.

மச்சானுக்கும் அதே சட்டம். முன்னுக்கு இருந்து தூண்டில் போட மட்டும் என்றால் இந்த அட்டை வேண்டாம், மீன்பிடி உரிமம் வேண்டும். மகனுக்கு 18 ஆகும்வரை அதுவும் தேவையில்லை.