ஒளியமைப்பாளராக ஏணி ஏறித்தான் ஆக வேண்டுமா?

தீபச்சுடர்: மேடை ஒளியமைப்பைத் தொழிலாக எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். மூத்தவர் ஒருவர், "மூன்று வருடம் விளக்கு கட்டு, கேபிள் சுருட்டு, பிறகு வடிவமைப்பைப் பேசு" என்கிறார். மேடை முழுவதையும் கணினியிலேயே ஒளியூட்டிப் பார்க்க முடிகிற காலத்திலும் இது தேவையா?

ஏணிப்படி: தேவைதான், தம்பி. என் முதல் நாடகத்தில் நாயகிக்கு நேர் எதிரே ஒரு விளக்கை வைத்தேன். முகம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோலத் தட்டையாக இருந்தது. விளக்குக்காரர் பேசாமல் ஏணியில் ஏறினார். அதைக் கழற்றி, இரண்டு பக்கமும் 45 பாகையில் ஒவ்வொரு விளக்கைத் திருப்பினார். ஒன்றில் இளஞ்சூடான வண்ணத்தாள், மற்றதில் குளிர்ந்த நீலம். கன்ன எலும்பும் மூக்கும் எழுந்து வந்தன. அமெரிக்க ஒளியமைப்பு ஆசிரியர் மெக்கான்ட்லஸ் 1932இலேயே எழுதிவைத்த முறைதான், நானும் படித்திருந்தேன். படித்தது அன்றுதான் கண்ணில் ஏறியது.

ஹாலஜன் விளக்கைக் கால்வாசிக்கு இறக்கினால் அந்தி வெயில்போலச் சிவக்கும். சாதாரண எல்.இ.டி. மங்க மட்டுமே செய்யும். அந்தச் சிவப்பு ஒரு முகத்தை என்ன செய்கிறது என்பதை எந்தத் திரை காட்டும்?

நிறமாலை: ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், விதியை ஏற்கமாட்டேன். பலகையிலிருந்து விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் டி.எம்.எக்ஸ். இணைப்பு ஒன்றில் 512 சானல்கள்தான். ஒளிர்வு, நிறம், திசை என ஒவ்வொன்றுக்கும் தனிச் சானல் வேண்டும். நகரும் விளக்கு ஒன்று முப்பது சானல் கேட்டால், பதினேழு விளக்கோடு இணைப்பு தீர்ந்துவிடும். இப்படிப் பல இணைப்புகள் ஓடும் இசை நிகழ்ச்சிக்கு அரங்கம் காலையில்தான் கைக்கு வருகிறது, மாலையில் காட்சி. எந்தக் கணத்தில் எந்த விளக்கு எப்படி மாற வேண்டும் என்ற குறிப்பை, அதாவது க்யூவை, கணினியில் முன்கூட்டியே எழுதாதவர் அன்று என்ன செய்வார்? 1975இல் ஒளியமைப்பாளர் தாரன் மஸ்ஸர், நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகளுக்கு, விளக்குகளை இயக்கும் கணினிப் பலகையைக் கொண்டுவந்தார். கருவி மாறியதால் அவர் கண் மழுங்கிவிடவில்லையே!

மூன்று வருடம் சொற்பக் கூலியில் இரவெல்லாம் சரக்கு இறக்க யாரால் முடியும்? வீட்டில் வசதி உள்ளவரால் முடியும். "இரவு வேலை, உனக்கு வேண்டாம்" என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். ஏணியைக் கட்டாயமாக்கினால் என்னைப் போன்றவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவோம்.

சலங்கை: நான் ஆடுபவள். கணுக்கால் உயரத்தில் பக்கவாட்டிலிருந்து வரும் விளக்குதான் எங்கள் உடலுக்கு வடிவம் தருகிறது. எந்த அடியில் நான் திரும்புகிறேன் என்பது தெரியாமல் க்யூ போட்டுவிட்டு, "திரையில் சரியாக இருந்ததே" என்று சொன்னவரோடும் ஆடியிருக்கிறேன். ஒத்திகைக்கே வராத இருபது வருட அனுபவசாலியோடும் ஆடியிருக்கிறேன். இருவரிடமும் இருட்டில்தான் நின்றேன்.

ஏணிப்படி: நிறமாலை, உங்களைத் திருப்பி அனுப்பியது அநியாயம். மூன்று வருடம் என்ற கணக்கையும் விட்டுவிடுகிறேன். ஆனால் ஒரு முழு நாடகத்துக்காவது தன் கையால் விளக்கைத் திருப்பாதவரை ஒளியமைப்பாளர் என்று நான் அழைக்கமாட்டேன்.

நிறமாலை: ஒரு நாடகம் என்றால் சரி. அந்த வேலைக்கும் முழுக் கூலி கொடுங்கள்.