கிறிஸ்துமஸுக்கு வாசல் கதவில் பச்சைக் கிளை வளையம்: உங்களுக்கு என்ன நடந்தது?

டோர்ட்முண்ட்வாசி
போன நவம்பர் கடைசி, இங்கே ஜெர்மனியில். மாடி வீட்டுப் பாட்டி ஒரு வாளி நிறைய ஃபிர் என்ற ஊசியிலை மரத்தின் கிளையோடு வந்து என்னையும் சமையலறையில் உட்கார வைத்தார். வைக்கோல் வளையம், சுருள் கம்பி, கத்தரி எல்லாம் அவருடையதுதான். கிளைகளைச் சின்னக் கொத்துகளாக ஒரே திசையில் அடுக்கி, வளையத்தோடு கம்பியால் சுற்றிக் கட்ட வேண்டும். பாதி வரை சரியாக வந்தது, அப்புறம் என் கொத்துகள் எதிர்த்திசைக்குத் திரும்பிவிட்டன. பாட்டி ஒரு வார்த்தை பேசாமல் கம்பியைப் பிரித்து, மறுபடியும் என் கையிலேயே கொடுத்தார். மாலை ஆறு மணிக்கு முடித்தேன். கதவில் மாட்டிப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன்.

அங்கே இரவு பத்தரை. அம்மா உடனே கூப்பிட்டார். "யாருக்கு என்ன ஆச்சு? கதவுல ஏன் மலர் வளையம் வச்சிருக்க?" அந்த வருடம் மே மாதம்தான் அப்பா போனார். அவர் காலடியில் சாய்த்து வைத்திருந்த வளையமும் ஏறக்குறைய இதே அளவு. கட்டும்போது எனக்கு அது தோன்றவே இல்லை. "வாசல்ல வேண்டாம்மா, எடுத்துடு" என்றார். எடுத்துவிட்டேன். மேசையில் வைத்து நான்கு மெழுகுதிரி நட்டேன். இந்த ஊரில் அதுவும் வழக்கம்தான்.

மறுநாள் பாட்டி வந்தார். வெறும் கதவையும் ஆணியையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு அப்போது எனக்கு ஜெர்மன் வராது. இந்த ஜூனில் அவர் மகன் இருக்கும் ஊருக்குக் குடிபோய்விட்டார்.

கோத்தகிரிக்காரன்
அக்கா, எனக்கும் ஏறக்குறைய இதேதான். எங்கள் வீட்டு வேலியில் சைப்ரஸ் இருக்கிறது, கிளைக்குப் பஞ்சமில்லை. மூங்கில் வளையம் மட்டும் வேண்டும் என்று பூக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பேனாவை எடுத்துக்கொண்டு, "ரிப்பன்ல என்ன பேர் சார் எழுதணும்?" என்றார். கிறிஸ்துமஸுக்கு, வீட்டு வாசலில் மாட்ட என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் பையிலிருந்த கிளைகளை வாங்கி அவரே கட்ட ஆரம்பித்தார். ஒரு கொத்தின் காம்பு கூட வெளியே தெரியவில்லை. பாதியில் நிமிர்ந்து, "இது எத்தனை நாள் இருக்கும்?" என்று கேட்டார். பொங்கல் வரை இருக்கும் என்றேன். "நான் கட்டினது எதுவும் மறுநாள் வரைக்கும் இருந்ததில்ல சார்" என்றார். அதற்கு எனக்குப் பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

நாகர்கோவில் தம்பி
முதல் பதிவு எழுதிய அக்காவுக்கு: உங்கள் அம்மா சொன்னதுதான் சரி. சவுக்குக் கிளை நட்டு, மூங்கில் குச்சியில் நட்சத்திரம் ஒட்டி வளர்ந்தவர்கள் நாம். வாசலில் வளையம் என்றால் நம் தெருவில் ஒரே அர்த்தம்தான். வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து ஏன் மாட்ட வேண்டும்? எங்கள் பக்கத்து வீட்டில் மாட்டினார்கள். பால்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். அந்த வீட்டு அம்மா சிரித்தார். பால்காரர் முகம் போன போக்கை நான் பார்த்தேன், எனக்குச் சிரிக்க முடியவில்லை.

கூடலூர் டீச்சர்
தம்பி, அக்கா இருப்பது ஜெர்மனியில். வளையம் அந்த ஊருக்கு வெளிநாட்டுப் பொருள் இல்லை. நான்கு திரி வைக்கும் வழக்கமே அங்கே தொடங்கியதுதான். 1839இல் ஹாம்பர்க்கில், ஆதரவற்ற பிள்ளைகளுக்காக விடுதி நடத்திய யோஹான் ஹின்ரிச் விகெர்ன் ஒரு வண்டிச் சக்கரத்தின் மேல் மெழுகுதிரிகளை வைத்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரி, மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்புத் திரி. கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் தாங்களே எண்ணிக்கொள்ளத்தான். பச்சைக் கிளை சுற்றுவது அப்புறம் வந்தது.

என் அனுபவம் சின்னது. அந்த நான்கு ஞாயிறுகள் வரும் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு, இளஞ்சிவப்புத் திரி கட்டையாகிக் காய்ந்த இலையைத் தொட்டது. பொரி பொரிவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான், வளையத்தில் கால்வாசி போய்விட்டது. ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தேன்.

அதனால் சொல்கிறேன். கட்டுவதற்கு முந்தின இரவே கிளைகளைத் தண்ணீரில் ஊற வையுங்கள். வீட்டுக்குள் வைத்தால் தினமும் தண்ணீர் தெளியுங்கள். திரிக்கு அடியில் தகரக் கிண்ணம் வையுங்கள், ஆள் இல்லாத அறையில் ஏற்றவே ஏற்றாதீர்கள். ஜெர்மனியில் இருப்பவர்கள் ஸ்ப்ரூஸ் வாங்காதீர்கள், சூடான அறையில் சீக்கிரம் உதிரும். நோர்ட்மான் ஃபிர் தாங்கும். யூ மரக் கிளை அழகாக இருக்கும், ஆனால் சிவப்புப் பழத்தின் சதை தவிர முழுக்க நஞ்சு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். நம் நீலகிரி மலையில் இருப்பவர்கள் காப்புக் காட்டில் கிளை ஒடிக்காதீர்கள், அது குற்றம். வேலியை, தோட்டத்தைக் கழிக்கும்போது கேட்டு வாங்குங்கள். மூங்கில் வளையத்துக்கும் அலைய வேண்டாம். உண்ணிச்செடி காட்டையே விழுங்கிக்கொண்டிருக்கிறது, காப்புக் காட்டுக்கு வெளியே எவ்வளவு வெட்டினாலும் நல்லதுதான். தண்டை வேகவைத்துத் தோலை உரித்தால் பிரம்பு போல வளையும். எங்கள் பக்கத்து ஆதிவாசிகள் அதில் நிஜ யானை அளவுக்கு யானைகளே செய்கிறார்கள். கையில் பிசின் ஒட்டினால் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டு அப்புறம் சோப்பு போடுங்கள்.

டோர்ட்முண்ட்வாசி
டீச்சர், நன்றி. தம்பி, உங்கள் மேல் கோபமில்லை. அந்தப் பால்காரரை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். கோத்தகிரி அண்ணா எழுதியதை அம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பூக்காரர் கட்டினதுக்குக் காசு வாங்கினாரா?" என்று கேட்டார்.

கோத்தகிரிக்காரன்
வளையத்துக்கும் கம்பிக்கும் நாற்பது ரூபாய் வாங்கினார். கட்டினதுக்கு வாங்கவில்லை, அக்கா. அம்மாவிடம் சொல்லுங்கள்.