ஹால் ஆஃப் ஃபேம் ஓட்டு: எடிட்டரைத் திறந்து பார்க்கலாமா? – உங்கள் அனுபவங்கள்

குன்னூரிலிருந்து (லீக் நடத்துகிறவர்)

நம்ம லீக்கின் ஹால் ஆஃப் ஃபேமுக்கு (ரிட்டயர் ஆன பெரிய ஆட்டக்காரர்களின் கௌரவப் பட்டியல்) ஓட்டுப் போட்டவர்கள், போட மறுத்தவர்கள், போட்டுவிட்டு மற்றவரோடு பேசாமல் இருந்தவர்கள் எல்லோரும் நடந்ததை இங்கே எழுதுங்கள். கேம் மறைத்து வைத்திருக்கிற எண்களைக் காட்டுகிற கருவிதான் எடிட்டர்; ஓட்டுக்கு முன் அதைத் திறந்து பார்க்கலாமா என்பதில்தான் சண்டை. புதிதாக வந்தவர்களுக்காக முதலில் ஒரு சின்ன அறிமுகம்.

நாங்கள் விளையாடுவது ஃபுட்பால் மேனேஜர், சுருக்கமாக எஃப்எம், என்கிற கம்ப்யூட்டர் கேம். பந்தை உதைக்கிற வேலை நமக்கு இல்லை. ஆள் வாங்குவது, டீம் எடுப்பது, டாக்டிக்ஸ் போடுவது மட்டும்தான். குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, அருவங்காடு, கூடலூர் என்று எட்டுப் பேர், ஒரே சேவில் (சேமித்து வைத்துத் தொடர்ந்து ஆடுகிற ஒரே ஆட்டத்தில்) ஆளுக்கொரு கிளப். எட்டுப் பேரும் 'கன்டினியூ' அழுத்தினால்தான் கேமில் அடுத்த நாள் விடியும். கூடலூரில் ஜூலை மழை பிடித்துக்கொண்டால் எங்கள் எல்லோருக்கும் விடிவதில்லை.

2025 பிப்ரவரியில் எஃப்எம் 25 வராது என்று அறிவித்தார்கள். வழக்கமாகப் புது வெர்ஷன் வந்ததும் பழைய சேவ் ஆட்டத்தை மூடிவிடுவோம். இந்தத் தடவை மூட முடியாமல் எஃப்எம் 24 சேவ் இழுத்துக்கொண்டே போய் 2040-களைத் தொட்டுவிட்டது. ஹாலண்ட், எம்பாப்பே எல்லாம் ரிட்டயர் ஆனார்கள். கேம் தானாக உருவாக்குகிற நியூஜென் பையன்கள் பதினாறு வயதில் வந்து, வளர்ந்து, அவர்களும் வெளியே போனார்கள். அப்போதுதான் யாரோ ஹால் ஆஃப் ஃபேம் பேச்சை எடுத்தது.

விதியை அமெரிக்காவிலிருந்து எடுத்தோம். ஒஹையோ மாநிலத்துக் கேன்டனில் 1963-இல் திறந்த புரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிறதே, அது. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம்தான், நம் ஆட்டம் இல்லை. ஆனால் விதி தெளிவாக இருந்தது: உள்ளே வர 80 சதவீத ஓட்டு வேண்டும். நம் கணக்கில் எட்டில் ஏழு. டீக்கு எவ்வளவு சர்க்கரை என்பதில்கூட நாங்கள் ஏழு பேர் ஒத்துப்போனதில்லை.

ரிட்டயர் ஆகி ஐந்து சீசன் காத்திருக்க வேண்டும் என்று அங்கே ஒரு விதி உண்டு. அதை மட்டும் விட்டுவிட்டோம். ரிட்டயர் ஆகிக் கோச் வேலைக்கும் வராத ஆளின் பக்கம் கொஞ்ச காலத்தில் சேவிலிருந்தே போய்விடும். பேர் இருக்கும், அழுத்தினால் திறக்காது. அதனால் செய்தி வந்த அன்றே அவன் வரலாற்றுப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, லீக்கின் கணக்கு வைக்கிற ஷீட்டில் ஏற்றி, சூட்டோடு சூடாக ஓட்டு. நம் சண்டைகளில் பாதிக்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். சரி, ஆரம்பியுங்கள்.

கோத்தகிரியிலிருந்து

ஓட்டில் சண்டை கிளப்பிய அந்த உருகுவே ஸ்ட்ரைக்கர் என் டீம் ஆள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை ஃபைனலில் அழ வைத்தவன். ஒருமுறை இரண்டுமுறை அல்ல. கடைசி சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் அன்று எங்கள் ஏரியாவில் கரண்ட் இல்லை. போன் ஹாட்ஸ்பாட்டை வைத்துக்கொண்டு, சிக்னலுக்காகத் தேயிலைத் தோட்டத்து மேட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். எண்பத்தெட்டாவது நிமிஷம், முதல் போஸ்ட் பக்கம், அவன்தான்.

அவன் ரிட்டயர் ஆனதும் ஏழு ஓட்டு சுலபமாக விழும் என்று நினைத்தேன். விழுந்திருக்கும். எங்களில் ஒருவர் எடிட்டரைத் திறந்து பார்த்துவிட்டார்.

தெரியாதவர்களுக்கு: வேகம், ஃபினிஷிங், பாஸிங் போன்ற குணங்கள் 1 முதல் 20 வரை எண்ணாக எல்லோருக்கும் தெரியும். கேம் சிலவற்றை மறைத்து வைத்திருக்கும். சீராக ஆடுகிறானா, பெரிய மேட்சில் எப்படி ஆடுவான், எவ்வளவு சுலபமாகக் காயப்படுவான். அதற்கும் மேலே, 200-க்கு அவனுடைய மொத்தத் திறமை எவ்வளவு, எவ்வளவு வரை வளரலாம் என்று இரண்டு எண். எடிட்டரில் இவை எல்லாமே வெளியே வந்துவிடும். உருகுவேக்காரனுக்குப் பெரிய மேட்ச் எண் ஆறு. இருபதுக்கு ஆறு!

"ஃபைனல் ஹீரோன்னு கொண்டாடினீங்களே, இவன் பெரிய மேட்ச்ல பயப்படுற ஆளுங்க. சும்மா அதிர்ஷ்டம்" என்றார் அந்த அண்ணன். இரண்டு ஓட்டு அவர் பக்கம் போய்விட்டது. ஆறு ஓட்டோடு உருகுவேக்காரன் வெளியே நின்றான்.

எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பரீட்சையில் பாஸான பையனின் ஜாதகத்தைத் தேடி எடுத்து, "கல்வி ஸ்தானம் சரியில்லையே" என்று மார்க்கைக் குறைக்கிற வேலை இது. அந்த எண் வாய்ப்பைக் கொஞ்சம் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ சாய்க்கும், அவ்வளவுதான். கோல் விழுந்ததா இல்லையா? விழுந்தது. யார் வலையில்? என் வலையில். பயப்படுகிற ஆள் பயத்தோடு வந்து மூன்று ஃபைனலில் கோல் போட்டான் என்றால் நான் அவனுக்குக் கூடுதலாக அல்லவா ஓட்டுப் போடுவேன்? நிஜ உலகத்தில் எந்த ஆட்டக்காரனின் மண்டையைத் திறந்தும் எண் பார்க்க முடியாது. பார்க்க முடிகிறது என்பதற்காக இங்கே மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?

ஊட்டியிலிருந்து

அந்த "அண்ணன்" நான்தான். பதில் சொல்ல வேண்டுமல்லவா.

தம்பி சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஷீட்டில் இருக்கிற எண் மட்டும் நிஜம் என்று யார் சொன்னது? நம் லீக்கில் ஒருவர் கார்னர் போடுகிற விதம் ஒன்றைக் கண்டுபிடித்தார். நல்ல உயரமான சென்டர் பேக்கை (நடுவில் நிற்கிற டிஃபென்டர்) முதல் போஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டும், கோல்கீப்பரை ஒருத்தன் மறித்து நிற்க வேண்டும். எஃப்எம் 24-இல்தான் கார்னர், ஃப்ரீ கிக் போன்ற செட் பீஸுக்கென்று தனிக் கோச் வந்ததும். இரண்டு சீசனுக்குள் எட்டுப் பேரும் அதையே காப்பி அடித்தோம். கம்ப்யூட்டர் நடத்துகிற கிளப்புகளுக்குக் கடைசி வரை அது பிடிபடவே இல்லை. அந்தக் காலத்து சென்டர் பேக் ஒவ்வொருவனும் ஸ்ட்ரைக்கர் மாதிரி கோல் வைத்திருக்கிறான். கோல் போட்டால் மேட்ச் ரேட்டிங் (கேம் பத்துக்குக் கொடுக்கிற மார்க்) ஏறும், ரேட்டிங் ஏறினால் விருது வரும், விருது வந்தால் நீங்கள் ஓட்டுப் போடுவீர்கள். டிஃபென்ஸ் எங்கே போச்சு?

அதே காலத்தில் என்னிடம் ஒரு டிஃபென்ஸிவ் மிட்ஃபீல்டர் இருந்தான், கானா பையன். பந்தைப் பிடுங்குவான், பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுப்பான், அவ்வளவுதான். வாழ்நாள் சராசரி ரேட்டிங் ஏழைத் தாண்டவில்லை. அவன் ஆடாத சீசனில் நான் வாங்கிய கோல்களை ஷீட்டில் தனியாகப் போட்டுக் காட்டினேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, அவனுக்கு மூன்றே ஓட்டு.

எடிட்டரைத் திறக்க ஆரம்பித்தது அவனுக்காகத்தான். கண்ணுக்குத் தெரியாத வேலை செய்தவனுக்கு வேறு சாட்சி எது? அவனுடைய சீரான ஆட்டத்துக்கு எண் பத்தொன்பது. உருகுவேக்காரனைக் கவிழ்க்க வேண்டும் என்று நான் திறக்கவில்லை. திறந்தால் எல்லாரையும்தான் தெரியும்.

கூடலூரிலிருந்து

ப்ரோ, நீங்க ரெண்டு பேரும் ஐரோப்பாவ விட்டு இறங்கவே மாட்டீங்களா.

நான் எடுத்தது சென்னையின் எஃப்சி. ஐ.எஸ்.எல்.னா இந்தியாவோட லீக். இங்க இருந்து நாடுகாணி இறங்கினா நிலம்பூர், மலப்புரம். சின்ன வயசுல இருந்து செவன்ஸ் பாத்து வளந்த ஆளு நான். ஏழு பேர் ஆடுற மேட்ச்சுக்கு ஊரே கேலரில உக்காந்திருக்கும். ஸ்டாட்ஸ் எழுதறதுக்கு யாரும் பேப்பர் கொண்டு வந்ததில்ல, ஆனா எவன் பெரிய ஆட்டக்காரன்னு எல்லாருக்கும் தெரியும்.

என் கேப்டன் சென்னைல பிறந்த நியூஜென். லெஃப்ட் பேக். ஐரோப்பாவுல இருந்து ஆஃபர் வந்தும் போகல. கடைசி வரைக்கும் ஒரே கிளப். நான் அவன நாமினேட் பண்ணப்ப, அவன் மோதினதெல்லாம் எந்த லெவல் டீமோடன்னு கேட்டீங்க. நியாயம்தான். ஆனா அவன் எந்த லெவல்ல ஆடணும்னு முடிவு பண்ணது நான், அவன் இல்ல. நான் அவன வித்திருந்தா இன்னைக்கு உங்க ஷீட்ல நல்ல நம்பரோட நிப்பான். நம்ம கேம்ல ஒருத்தனோட ரெக்கார்டுல பாதி அவன் மேனேஜர் எழுதறது. பெனால்டி யாருக்குக் குடுக்கறோம், யாரை பெஞ்சுல வைக்கறோம், எல்லாமே. உருகுவேக்காரன் கோல்ல எத்தனை பெனால்டின்னு யாராச்சும் பிரிச்சுப் பாத்தீங்களா? அதுக்கு எடிட்டர் வேண்டாம், ஷீட்டே போதும்.

இன்னொண்ணு. பெல்ஜியம் மிட்ஃபீல்டருக்கு நான் போட்ட ஓட்ட எல்லாரும் கிண்டல் பண்ணீங்க. மூணு சீசன் ஆடி முட்டி போன பையன். நீங்க விதி கடன் வாங்கின அதே கேன்டன்லதான் கேல் சேயர்ஸ்ங்கற ஆட்டக்காரர் பேரு இருக்கு. மொத்தம் 68 மேட்ச், முட்டி போயிடுச்சு. 1977-ல 34 வயசுல உள்ள எடுத்தாங்க. அத விடச் சின்ன வயசுல அங்க யாரும் உள்ள வந்ததில்ல. விதிய மட்டும் எடுத்துட்டு மனச அங்கயே விட்டுட்டு வந்துட்டீங்க.

அருவங்காட்டிலிருந்து

நான் உங்கள் எல்லோருக்கும் மூத்தவன். ஃபுட்பால் மேனேஜருக்கு முன்னோடியான சாம்பியன்ஷிப் மேனேஜர் 01/02 காலத்து ஆள்.

அந்த கேம் ஆடியவர்களிடம் டோ மடெய்ரா என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். போர்ச்சுகலில் கோவேயா என்ற சின்ன கிளப்பில் சும்மா கிடப்பான். வாங்கிப் போட்டால் கோல் மழைதான். நிஜ உலகத்தில் அப்படி ஒரு ஆளே கிடையாது! அந்த நாட்டு ஆட்டக்காரர்களின் விவரத்தைக் கேமுக்குச் சேகரித்துக் கொடுத்தவர் இல்லாத ஆளை உள்ளே சேர்த்துவிட்டார். அதே கேமில் டோன்டன் சோலா மூகோகோ. இவர் நிஜமான ஆள், இங்கிலாந்தின் டெர்பி கவுன்டி கிளப்பில் இருந்தவர். கேமில் உலகப் புகழ், டெர்பியின் முதல் அணிக்கு ஒரு மேட்ச் கூட ஆடவில்லை.

இந்த இரண்டு பேரையும் இருபது வருஷம் கழித்தும் நினைவு வைத்திருக்கிறோம். எடிட்டர் எண்ணுக்காக அல்ல. சொல்லப்போனால் மடெய்ரா விஷயத்தில் எண்தான் பொய், அவன் போட்ட கோல்தான் எங்களுக்கு நிஜம். நான் ஓட்டுப் போடும்போது ஷீட்டைப் பார்ப்பேன், ஆனால் கடைசியில் பார்ப்பேன். அவன் பெயரைச் சொன்னதும் எந்த மேட்ச் ஞாபகம் வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. எதுவும் வராவிட்டால் ஓட்டு இல்லை. ஊட்டித் தம்பியின் கானா பையனுக்கு இதனால்தான் நான் போடவில்லை, மன்னிக்கவும்.

ஊட்டியிலிருந்து

கூடலூர் ப்ரோ கேட்டதற்காக உருகுவேக்காரனின் பெனால்டிகளைப் பிரித்துப் பார்த்தேன். கணிசமாக இருக்கிறது. ஆனால் ஃபைனல் கோல்கள் எதுவும் பெனால்டி இல்லை. இதை இங்கே எழுதாமல் விட்டால் கோத்தகிரித் தம்பி என்னைச் சும்மா விடமாட்டான்.

குன்னூரிலிருந்து

சரி, அடுத்த ஓட்டுக்கு விதி இப்படி. நாமினேஷன் வந்ததிலிருந்து ஓட்டு எண்ணி முடியும் வரை எடிட்டருக்குத் தடை. முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துச் சண்டை போட்டுக்கொள்ளலாம். ஷீட்டில் புதிதாக இரண்டு நெடுவரிசை சேர்க்கிறேன்: பெனால்டி நீக்கிய கோல், அவன் ஆடாத மேட்சுகளில் டீமின் நிலை. ஒரு ஆளின் எண்ணை அவனுடைய அதே சீசனில் அதே பொசிஷனில் ஆடியவர்களோடுதான் ஒப்பிட வேண்டும். கார்னர் காலத்து சென்டர் பேக்குகளை அதற்கு முந்தைய காலத்தவர்களோடு ஒப்பிட்டு யாரும் இனி வாதம் செய்ய வேண்டாம்.

கானா பையனையும் உருகுவேக்காரனையும் மறுபடி நாமினேட் செய்யலாம், தடை இல்லை. எடிட்டரில் ஏற்கெனவே பார்த்ததை மறக்க வைக்க என்னிடம் விதி எதுவும் இல்லை.

ஒரு கோல்கீப்பர்கூட இன்னும் உள்ளே வரவில்லை என்பதை யாராவது கவனித்தீர்களா? கிளீன் ஷீட் (கோல் எதுவும் வாங்காத மேட்ச்) வைத்து எப்படி எடை போடுவது என்று யாருக்காவது யோசனை இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.